கல்லூரிச் செலவும் வருமான வரிச் சலுகையும்

மக்களின் கல்வித் தகுதி உயர்வதே ஒரு நாட்டின் பொருளாதார முன்னேற்றத்திற்கு அடிப்படை என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. எனினும், உயர் கல்விக்கான செலவில் கணிசமான பகுதியைக் குடும்பங்களே தாங்கி வருகின்றன. பள்ளிப் படிப்பு முடிந்து மகனோ மகளோ கல்லூரியில் சேரும் ஆண்டில், நடுத்தர வருவாயுள்ள குடும்பத்தின் வரவு செலவுத் திட்டமே மாறிவிடுகிறது. இச்சுமையின் ஒரு சிறு பகுதியை அரசு பகிர்ந்துகொள்ளும் வழிகளுள் வருமான வரிச் சலுகையும் ஒன்றாகும். இச்சலுகையை உரிய முறையில் கோருவது எவ்வாறு, அதன் உண்மையான மதிப்பு என்ன, அது எவரைச் சென்றடைகிறது, எவரை அடைவதில்லை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்குக் குறிப்பிடப்படும் பிரிவு எண்கள் வாசகர்களுக்கு நன்கு பழக்கமான 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தைச் சார்ந்தவை. அச்சட்டத்திற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியது. புதிய சட்டத்தில் 80-சி பிரிவின் பொருள் 123ஆம் பிரிவிலும், 80-இ பிரிவின் பொருள் 129ஆம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளன.

மூவகைச் சலுகைகள்

வரிச் சலுகை என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வகைகள் உள்ளன. ஒரு வருவாயை வரிக்குரிய கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது விலக்கு. கல்விச் செலவுக்காக வழங்கப்படும் உதவித்தொகைக்கு 10(16) பிரிவு அளித்த சலுகை இவ்வகையைச் சேர்ந்தது. மொத்த வருவாயிலிருந்து ஒரு தொகையைக் குறைத்து, எஞ்சியதற்கு மட்டும் வரி கணக்கிடுவது கழிவு. வரியைக் கணக்கிட்ட பின்னர், அவ்வரியிலிருந்தே ஒரு தொகையைக் குறைப்பது தள்ளுபடி.

கழிவுக்கும் தள்ளுபடிக்கும் உள்ள வேறுபாடு சொல்லளவில் சிறியதாகத் தோன்றலாம். விளைவில் அது பெரிது. ரூ. 1,00,000 கழிவு பெறுபவர் 30 சதவீத வரி விகிதத்தில் இருந்தால், 4 சதவீத செஸ் உட்பட ரூ. 31,200 மிச்சமாகும். அதே தொகைக்குக் கழிவு பெறுபவர் 20 சதவீத விகிதத்தில் இருந்தால் மிச்சம் ரூ. 20,800 மட்டுமே. வரி செலுத்தும் அளவிற்கு வருவாய் இல்லாதவருக்கு அக்கழிவால் பயன் ஏதுமில்லை. தள்ளுபடியோ, வரி விகிதம் எதுவாயினும் வரி செலுத்தும் அனைவருக்கும் ஒரே அளவில் பயன்தரக் கூடியது.

தள்ளுபடியிலிருந்து கழிவிற்கு

நம் நாடு இவ்விரு முறைகளையும் கையாண்டு பார்த்துள்ளது. 1990ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 88ஆம் பிரிவைப் புகுத்தியதன் வாயிலாக, சேமிப்புகளுக்கான சலுகை கழிவிலிருந்து தள்ளுபடியாக மாற்றப்பட்டது. 2003ஆம் ஆண்டு நிதிச் சட்டம், பிள்ளைகளின் கற்பிப்புக் கட்டணத்தையும் அப்பிரிவின்கீழ்க் கொண்டுவந்தது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ரூ. 12,000 வரை, இரு பிள்ளைகளுக்கு இது அனுமதிக்கப்பட்டது. மொத்த வருவாய் ரூ. 1,50,000 வரை உள்ளவர்களுக்குப் பொதுவாக 20 சதவீதமும், அதற்கு மேல் ரூ. 5,00,000 வரை உள்ளவர்களுக்கு 15 சதவீதமும் தள்ளுபடி கிடைத்தது. ரூ. 5,00,000-க்கு மேற்பட்ட வருவாய் உடையோருக்குத் தள்ளுபடி இல்லை.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரு பிள்ளைகளுக்கு ரூ. 24,000 கட்டணம் செலுத்திய குறைந்த வருவாயினருக்கு ரூ. 4,800 வரை வரி குறைந்தது, இடைநிலையினருக்கு ரூ. 3,600 குறைந்தது, உயர் வருவாயினருக்கு ஒன்றும் குறையவில்லை. வருவாய் உயர உயரச் சலுகை தேய்ந்தது.

2005ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இம்முறையைக் கைவிட்டு, 80-சி பிரிவின்கீழ் ரூ. 1,00,000 வரையிலான கழிவைக் கொண்டுவந்தது. வெவ்வேறு சேமிப்புகளுக்குத் தனித்தனி உச்சவரம்புகள் என்ற சிக்கல் பெருமளவு நீங்கியது, கணக்கிடுதலும் எளிதாயிற்று. 2014-15 நிதியாண்டு முதல் உச்சவரம்பு ரூ. 1,50,000 ஆக உயர்ந்தது. ஆனால் சலுகையின் திசை மாறிவிட்டது. வருவாய் உயர உயரச் சலுகையின் மதிப்பும் உயரலாயிற்று.

கற்பிப்புக் கட்டணம்: எது சேரும், எது சேராது?

80-சி பிரிவின்கீழ்க் கழிவு கோர நிறைவு செய்ய வேண்டிய நிபந்தனைகள் பின்வருமாறு:

முதலாவதாக, கட்டணம் இந்தியாவில் அமைந்துள்ள பல்கலைக்கழகம், கல்லூரி, பள்ளி அல்லது பிற கல்வி நிறுவனத்திற்குச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்குச் செலுத்தும் கட்டணம் இதில் அடங்காது.

இரண்டாவதாக, அது முழுநேரக் கல்விக்கானதாக இருத்தல் வேண்டும். பகுதிநேரப் படிப்பு, அஞ்சல்வழிக் கல்வி, நுழைவுத் தேர்வுக்கான தனிப்பயிற்சி ஆகியவற்றின் கட்டணங்களைச் சேர்த்தல் கூடாது. பயிற்சி நிலையங்களுக்குப் பெருந்தொகை செலுத்தும் பெற்றோர் பலர் இதனை அறிவதில்லை.

மூன்றாவதாக, கற்பிப்புக் கட்டணம் மட்டுமே கழிவுக்குரியது. வளர்ச்சிக் கட்டணம், நன்கொடை ஆகியவற்றைச் சட்டமே வெளிப்படையாக விலக்குகிறது. விடுதிக் கட்டணம், உணவுச் செலவு, பேருந்துக் கட்டணம், திருப்பித் தரப்படும் காப்புத்தொகை ஆகியனவும் கற்பிப்புக் கட்டணம் ஆகா. எனவே ஒரே தொகையாக எழுதப்பட்ட ரசீதை விடுத்து, இனவாரியாகப் பிரித்துக் காட்டும் ரசீதைக் கல்லூரி அலுவலகத்திலிருந்து கேட்டுப் பெறுதல் நலம்.

நான்காவதாக, ஒருவர் தம் பிள்ளைகளுள் எவரேனும் இருவருக்கு மட்டுமே கழிவு கோரலாம். இவ்வரம்பு வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உரியது. கணவன், மனைவி இருவரும் வரி செலுத்துவோராயின், அவரவர் செலுத்திய தொகைக்கு அவரவர் கழிவு கோரலாம். ஒரே கட்டணத்தை இருவரும் முழுமையாகக் கோருதல் முறையன்று. சட்டத்தின் வரையறைப்படி தத்துப் பிள்ளையும், கணவன் அல்லது மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளையும் 'பிள்ளை' என்ற சொல்லில் அடங்குவர். தம் சொந்தப் படிப்பிற்கோ, வாழ்க்கைத் துணையின் படிப்பிற்கோ, தம்பி தங்கையரின் படிப்பிற்கோ செலுத்திய கட்டணத்திற்கு இப்பிரிவில் இடமில்லை. நம் குடும்பங்களில் மூத்தவர் இளையவரைப் படிக்க வைப்பது வழக்கமாயினும், சட்டம் அதனைக் கணக்கில் கொள்ளவில்லை.

ஐந்தாவதாக, கட்டணம் எந்தப் பருவத்திற்கு உரியது என்பதைவிட, எந்த நிதியாண்டில் செலுத்தப்பட்டது என்பதே முதன்மையானது. மார்ச் மாத இறுதியில் செலுத்திய கட்டணம் அந்த நிதியாண்டின் கணக்கில்தான் சேரும்.

பிள்ளை பதினெட்டு வயதைக் கடந்தாலும் கழிவு நின்றுவிடுவதில்லை. வயது வரம்பு எதனையும் இப்பிரிவு விதிக்கவில்லை. ஆயினும் பதினெட்டு வயது நிறைந்தவர் சட்டத்தின் பார்வையில் தனி வரி செலுத்துநர் ஆவார். அதன்பின் அவருடைய வட்டி வருமானம் பெற்றோரின் வருமானத்துடன் சேர்க்கப்படுவதில்லை.

ரூ. 1,50,000 என்னும் உச்சவரம்பு கல்விக்கு மட்டும் உரியதன்று என்பதையும் மறத்தலாகாது. வருங்கால வைப்புநிதிச் சந்தா, ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், வீட்டுக் கடன் அசல் ஆகியன யாவும் அந்த ஒரே வரம்பிற்குள் போட்டியிடுகின்றன. வருங்கால வைப்புநிதிக்கே ரூ. 1,50,000 செலுத்திவிடும் ஊழியருக்குக் கல்லூரி ரசீதால் கூடுதல் பயன் ஏதுமில்லை.

கல்விக் கடனின் வட்டி

கட்டணத்தை ஒரே தவணையில் செலுத்த இயலாதோர் வங்கிக் கடனை நாடுகின்றனர். அவர்களுக்குரியது 80-இ பிரிவு. 2005க்கு முன்னர் இச்சலுகை ஒருவர் தம் சொந்தப் படிப்பிற்காகப் பெற்ற கடனுக்கு மட்டும், அசலும் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு ரூ. 40,000 என்னும் வரம்பிற்குள் கிடைத்தது. 2005ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அசலை விலக்கி, வட்டி முழுவதற்கும் உச்சவரம்பின்றிக் கழிவு அளித்தது. 2007ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகியோரின் படிப்பிற்குப் பெறும் கடனுக்கும் இதனை விரிவாக்கியது. பின்னர், சட்டப்படி பாதுகாவலராக இருப்பவர் தம் பொறுப்பிலுள்ள மாணவருக்காகப் பெறும் கடனும் சேர்க்கப்பட்டது. மேல்நிலைத் தேர்வுக்குப் பிந்தைய படிப்புகள் இதில் அடங்கும். வெளிநாட்டுப் படிப்பிற்கும் தடையில்லை.

கடன் வங்கி, நிதி நிறுவனம் அல்லது அங்கீகரிக்கப்பட்ட அறநிலையம் ஆகியவற்றிலிருந்து பெறப்பட்டதாக இருத்தல் வேண்டும். உறவினரிடமோ நண்பரிடமோ வட்டிக்குப் பெற்ற கடனுக்குக் கழிவு இல்லை.

இங்கு இரு நுட்பங்களைக் கவனித்தல் இன்றியமையாதது. கடன் பெற்றவரே கழிவு கோர இயலும் என்பது முதலாவது. கடன் பத்திரத்தில் பெற்றோர் வெறும் ஜாமீன்தாராக மட்டும் இருந்து, மாணவர் ஒருவரே கடன் பெற்றவராக இருப்பின், தந்தையோ தாயோ வட்டியைச் செலுத்தினாலும் அவர்களுக்குக் கழிவு கிடைப்பது அரிது. எனவே வட்டியை எவர் செலுத்தப் போகிறார் என்பதைக் கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் முன்பே முடிவுசெய்து, அவர் இணைக் கடனாளியாகச் சேர்வது தக்கது.

இரண்டாவது, கால வரம்பு. வட்டி செலுத்தத் தொடங்கும் ஆண்டும் அதைத் தொடரும் ஏழு ஆண்டுகளும் ஆக மொத்தம் எட்டு ஆண்டுகளுக்கே கழிவு உண்டு. வட்டி அதற்கு முன்பே தீர்ந்துவிட்டால் கழிவும் முடிந்துவிடும். கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணைக்கு ஓய்வு தருவது வழக்கம். நான்காண்டுப் பொறியியல் படிப்பில் முதல் ஆண்டிலிருந்தே பெற்றோர் வட்டி செலுத்தத் தொடங்கினால், தவணை தொடங்கும் முன்பே எட்டில் ஐந்தாண்டுகள் கழிந்துவிடும். அதே வேளையில், முன்கூட்டி வட்டி செலுத்துவதால் கடன் சுமை பெருகாமல் தடுக்கப்படுகிறது. வரிச் சலுகையை மட்டும் கருதி வட்டியை வளரவிடுவது அறிவுடைமை ஆகாது. மிச்சமாகும் வரி எவ்வளவு, கூடும் வட்டி எவ்வளவு என இரண்டையும் எழுதிப் பார்த்தே முடிவெடுத்தல் வேண்டும்.

இரு வரி முறைகள்

மேற்கூறிய கழிவுகள் யாவும் பழைய வரி முறையைத் தெரிவு செய்வோருக்கே உரியன. 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த 115-பிஏசி பிரிவின் புதிய முறையில் 80-சி, 80-இ ஆகிய இரண்டிற்கும் இடமில்லை. அப்புதிய முறையே 2023-24 நிதியாண்டு முதல் இயல்பான முறையாக ஆக்கப்பட்டது. வரி செலுத்துபவர் பழைய முறையை வேண்டும் எனத் தெரிவிக்காவிடில், அவர் புதிய முறையில் இருப்பதாகவே கொள்ளப்படும். ரசீதுகளைச் சேர்த்து வைத்த பெற்றோர் இதனை அறியாதிருந்தால், அந்த ரசீதுகள் பயனற்றுப் போகும்.

எனில், பிள்ளை கல்லூரியில் படிக்கிறது என்பதற்காகப் பழைய முறையைத் தெரிவு செய்வது சரியா? 2025-26 நிதியாண்டின் விகிதங்களைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். அறுபது வயதிற்குட்பட்ட ஓர் ஊழியரின் ஆண்டுச் சம்பளம் ரூ. 15,00,000 எனக் கொள்வோம். புதிய முறையில் நிலையான கழிவு ரூ. 75,000 போக, வரிக்குரிய வருமானம் ரூ. 14,25,000. இதற்குச் செஸ் உட்பட வரி ரூ. 97,500. பழைய முறையில் நிலையான கழிவு ரூ. 50,000, 80-சி கழிவு ரூ. 1,50,000 ஆகியன போக, வரிக்குரிய வருமானம் ரூ. 13,00,000. இதற்கான வரி ரூ. 2,10,600. கல்விக்கான சலுகையைப் பெற்றும் அவர் ரூ. 1,13,100 கூடுதலாகச் செலுத்த நேரிடும்.

இவ்விரு முறைகளிலும் வரி சமமாக வேண்டுமானால், பழைய முறையில் நிலையான கழிவு நீங்கலாக ரூ. 5,43,750 அளவிற்குப் பிற கழிவுகள் தேவை. 80-சி பிரிவின் முழு வரம்பையும் பயன்படுத்திய பின்னரும் ரூ. 3,93,750 எஞ்சி நிற்கும். வீட்டு வாடகைப்படிக்கான விலக்கு, வீட்டுக் கடன் வட்டி, மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம், கல்விக் கடன் வட்டி ஆகியன ஒருங்கே உள்ள குடும்பத்திற்கு இது எட்டக் கூடியதே. கற்பிப்புக் கட்டணம் ஒன்றையே நம்பியிருப்போருக்கு எட்டாது. ஆகவே, சலுகை உண்டு என்பதற்காகவே அதைக் கோர முற்படாமல், இரு முறைகளிலும் வரியைக் கணக்கிட்டு, குறைவானதைத் தெரிவு செய்வதே முறை.

வணிக வருமானமோ தொழில் வருமானமோ இல்லாதோர் இத்தெரிவை ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய முறையை விரும்புவோர், வருமான விவரப் படிவத்தை உரிய கெடு நாளுக்குள் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வணிக வருமானம் உடையோருக்கு அத்தகைய ஆண்டுதோறுமான உரிமை இல்லை. எனவே அவர்கள் மேலும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். கட்டண ரசீது, கட்டணம் செலுத்தியதற்கான வங்கிக் கணக்குச் சான்று, வட்டியையும் அசலையும் பிரித்துக் காட்டும் வங்கிச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் பாதுகாத்து வைத்தல் எவருக்கும் நலம் பயக்கும்.

சலுகை எவரைச் சென்றடைகிறது?

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பழைய முறையில் ரூ. 1,50,000 கழிவின் மதிப்பு 30 சதவீத விகிதத்தினருக்கு ரூ. 46,800, 20 சதவீத விகிதத்தினருக்கு ரூ. 31,200. வரிக்குரிய வருமானம் ரூ. 5,00,000-க்கு உட்பட்டோருக்கு 87-ஏ பிரிவின் தள்ளுபடியால் வரியே இல்லையாதலின், கழிவால் கூடுதல் பயனும் இல்லை. உதவி மிகுதியாகத் தேவைப்படும் வீட்டிற்கு அது குறைவாகவும், தேவை குறைந்த வீட்டிற்கு மிகுதியாகவும் சென்று சேர்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் கையாளும் முறை இவ்விடத்தில் ஒப்பு நோக்கத் தக்கது. அந்நாடு 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகக் கல்விச் செலவுக்குத் தள்ளுபடி முறையைக் கொண்டுவந்து, 2009இல் அதனை விரிவாக்கியது. கல்லூரியின் முதல் நான்கு ஆண்டுகளில், தகுதியுள்ள செலவின் முதல் 2,000 டாலருக்கு முழுமையாகவும், அடுத்த 2,000 டாலருக்கு 25 சதவீதமும் ஆக, ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் வரை வரியில் குறைக்கப்படுகிறது. செலுத்த வேண்டிய வரி இல்லாத குடும்பத்திற்கும் இதில் 1,000 டாலர் வரை பணமாகவே கிடைக்க வழியுண்டு. குறிப்பிட்ட வருவாய்க்கு மேற்பட்டோருக்குச் சலுகை படிப்படியாகக் குறைந்து மறைந்துவிடும். அங்குக் கல்லூரிக் கட்டணங்கள் மிக உயர்ந்தவை என்பதும், வருமான விவரம் தாக்கல் செய்வோர் மக்கள் தொகையில் மிகப் பெரும் பகுதியினர் என்பதும் உண்மையே. ஆதலின் அம்முறையை அப்படியே இங்குப் பெயர்த்து நடுதல் இயலாது. எனினும் வருவாய் குறைந்தோருக்குச் சலுகை மிகுதல் வேண்டும் என்ற கொள்கை நமக்கு அயலானதன்று. நம் 88ஆம் பிரிவில் அது ஒரு காலத்தில் இடம்பெற்றிருந்தது.

வரி வரம்பிற்கு வெளியே உள்ள குடும்பங்கள்

புதிய முறையில் 2025-26 முதல் ரூ. 12,00,000 வரையிலான வருமானத்திற்குத் தள்ளுபடியின் வாயிலாக வரி இல்லை எனும் நிலை ஏற்பட்டுள்ளது. சிறப்பு விகித வருமானங்களுக்கு இது பொருந்தாது. இதனால் ஏராளமான குடும்பங்களைப் பொறுத்தவரை, வரிச் சலுகை என்பது கல்விக்கு உதவும் கருவியாக இனி இல்லை. அவர்களுக்கு நேரடி உதவித் திட்டங்களே துணை.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் இவ்வகையில் குறிப்பிடத் தக்கது. தரமான நிறுவனங்கள் எனத் தெரிவு செய்யப்பட்டவற்றில் இடம்பெறும் மாணவர்கள் சொத்து ஈடோ ஜாமீனோ இன்றிக் கடன் பெற இது வகை செய்கிறது. ரூ. 7,50,000 வரையிலான கடனுக்கு 75 சதவீத உத்தரவாதத்தை அரசு அளிக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ. 8,00,000 வரை உள்ள மாணவர்கள், பிற அரசு உதவித்தொகை பெறாதவராயின், ரூ. 10,00,000 வரையிலான கடனுக்குத் தவணை ஓய்வுக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் பெறத் தகுதியுடையோர். ஆண்டுதோறும் மானியம் பெறுவோர் எண்ணிக்கைக்கு ஓர் இலட்சம் என்னும் வரம்பு உண்டு. குடும்ப வருமானம் ரூ. 4,50,000 வரை உள்ளோர் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கு ஓய்வுக் கால வட்டி முழுவதையும் மானியமாகப் பெறும் ஏற்பாடும் தனியே உள்ளது. வரிச் சலுகை பெறத் தகுதியற்றவர் என்பதால் தமக்கு உதவியே இல்லை எனப் பெற்றோர் சோர்வடைதல் வேண்டா.

முடிவுரை

கல்லூரிச் செலவுக்கான வரிச் சலுகை ஒரு துணைக் கருவியே. அதுவே கல்வி நிதி ஆகிவிடாது. அதைப் பெறத் தகுதியுள்ள குடும்பம் நிபந்தனைகளை அறிந்து, இரு முறைகளையும் கணக்கிட்டு, சான்றுகளுடன் கோருதல் வேண்டும். தகுதியற்ற குடும்பம் மானியக் கடனையும் உதவித்தொகையையும் நாடுதல் வேண்டும். கொள்கை வகுப்போர் ஆராய வேண்டிய பொருளும் ஒன்றுண்டு. வருமான வரி செலுத்தும் ஒவ்வொருவரிடமும் 2004 முதல் கல்வியின் பெயரால் செஸ் வசூலிக்கப்பட்டு வருகிறது. 2018 முதல் அது சுகாதாரமும் சேர்ந்த 4 சதவீத செஸ் ஆயிற்று. கல்விக்காகத் திரட்டப்படும் நிதியும், கல்விக்காக விட்டுக்கொடுக்கப்படும் வரியும் ஒரே நோக்கத்தை உடையன. முன்னது கீழ்த்தட்டிலுள்ள மாணவரை நோக்கிச் செல்கையில், பின்னது மேல்தட்டை நோக்கிச் செல்லுதல் பொருந்தாது. இவ்விரண்டையும் ஒரே கணக்கில் வைத்து மதிப்பிட்டால்தான், பணமில்லை என்ற காரணத்தால் ஒரு மாணவர் கல்லூரி வாயிலிலிருந்து திரும்பிச் செல்லும் நிலையைத் தவிர்க்க இயலும்.